பரிசத்துக்கு வந்த வண்டி

இறங்கு தங்கச்சி, இறங்கு. பயப்படாத, தள்ளியா விட்டுடப் போறேன்? அதுவா நின்னுடுச்சு. ஆமா, அப்படித்தான், ரெண்டு இருமல் இருமிட்டு அடங்கிடும். அந்த மூட்டைய இப்படிக் கொடு. புளியமரத்து வேர் மேல வைக்கிறேன், மண்ணு படாது. புதுத் துணியா? தையக்காரிகிட்டருந்து வாங்கிட்டு வர்றியா? மஞ்சக் கலரு உனக்கு எடுப்பா இருக்கும். பிரிக்க வேணாம், பிரிக்க வேணாம், சும்மாதான் கேட்டேன்.

நேரமெல்லாம் ஆகாது. வெயில் இன்னும் உச்சியிலதான நிக்குது. உங்க ஊரு அந்தப் பெரிய பாறைக்கு அந்தாண்டதான? நடந்தாக்கூட போயிடலாம்ங்கிறியா? போ, யாரு வேணாம்னா. ஆனா சந்தையில அத்தன ஆம்பள வண்டி நிக்கும்போது, பொம்பள ஓட்டுற பைக்குன்னு ஆசப்பட்டுத்தான ஏறினே? அந்த ஆசைக்காவது கொஞ்சம் நில்லு. ஒரு கை கொடு. ஒண்டியாப் பாத்தா எனக்கு லேட்டாகும்.

சரி சொல்லு, வண்டி நின்னா முதல்ல எதப் பாக்கணும்? டேங்க்கா? அட, கெட்டிக்காரி! எங்க தம்பி இதையே என்கிட்ட கேட்டப்போ நான் என்ன சொன்னேன் தெரியுமா? கண்ணப் பாக்கணும்னேன். மாட்டுக்கு சீக்குன்னா கண்ணத்தான பாப்போம்? போயி இந்த முன்னாடி லைட்டைத் தொடைச்சுத் தொடைச்சுப் பாக்கறேன். அவன் பாயில படுத்துக்கிட்டுச் சிரிச்ச சிரிப்புல, ஒடிஞ்ச காலு வலிச்சுக் கத்திட்டான். சிரிப்பும் கத்தலும் ஒண்ணா வருது அவனுக்கு. எங்கம்மா ஓடி வந்து, புள்ளைய என்னடி பண்ணினேன்னு என் முதுகுல ஒண்ணு வச்சா.

டேங்க்கத் திற. மூஞ்சிய கிட்ட கொண்டு போகாத, ஆவி அடிக்கும். வண்டிய ஆட்டிப் பாரு. சளக் சளக்குங்குதா? அப்போ சரக்கு இருக்கு. பின்ன ஏன் நின்னுச்சு? அங்கதான் இருக்கு விஷயம். மனசுல வச்சுக்க, வண்டி நின்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு வயித்துக்குச் சோறு போகல. இல்லன்னா அடுப்புல நெருப்பு இல்ல. மத்ததெல்லாம் அப்புறம்.

இது எங்க வண்டிதான். எங்க வண்டின்னா, எங்கப்பா வண்டி. மிஷன்ல இருந்த வெள்ளக்கார சாமியார் ஓட்டினது. அவரு ஊருக்குப் போறப்போ வித்தாரு, எங்கப்பா மாடுங்கள ஓட்டிட்டுப் போயிக் கொடுத்துட்டு இத வாங்கிட்டு வந்தாரு. எந்த மாடுன்னு கேக்கறியா? எனக்குப் பரிசமா வந்த மாடுதான், வேற எந்த மாடு. எங்கப்பாவுக்கு மாட்டு மேல நம்பிக்கையே கிடையாது. அவரு சின்ன வயசுல, மாட்டுக் களவாணிங்க துப்பாக்கியோட வந்து ஒரே ராத்திரியில பட்டியையே ஓட்டிட்டுப் போயிட்டானுங்க. அப்புறம் சேத்ததெல்லாம் கோமாரியில போச்சு. மாடு சாகும், மாடு களவு போகும், வண்டி சாகுமாடீன்னாரு. ஊரே கைதட்டுச்சு. கோழிக்கூண்ட ஒதுக்கிட்டு வீட்டுக்குள்ளயே இடம் பண்ணினாரு. பெத்த பொண்ணு போன இடத்துல வண்டி வந்து நின்னுச்சு.

எங்க தம்பி, எரியாவுன்னு பேரு, அவன்தான் ஓட்டினான். ஓட்டினான்னா, வாடகைக்கு ஆள் ஏத்தினான், மூட்டை ஏத்தினான், ஒரு தடவ உசுரோட பன்னிய ஏத்திட்டுப் போயி அது ஆக்ஸிலேட்டரக் கடிச்சு வச்சுது. ஒருநாள் மழையில சறுக்கி, லாரிக்கு வழி விடறேன்னு பள்ளத்துல இறக்கி, காலு ரெண்டு எடத்துல போச்சு. இப்ப காலுக்குள்ள இரும்பு வச்சிருக்காங்க. வண்டிய இழுத்துட்டு வந்து குதிருக்கு அடியில போட்டாங்க. சீட்டு மேல கோழி முட்டை போட ஆரம்பிச்சுது. அம்புட்டுத்தான் எங்கப்பாவோட சாகாத வண்டி.

இந்தா, ஸ்பேனரப் பிடி. இந்தத் தொப்பியக் கழட்டு. வெடுக்குன்னு இழுக்காத, ஆட்டி ஆட்டி எடு. அதுக்குள்ள வெள்ளையா நிக்குதே, அதுதான் ப்ளக்கு. இடது பக்கமாத் திருப்பு. வரலையா? கை நோகுதா? காலால மிதி. வெக்கப்படாத, யாரு பாக்கறா? பாவாடையக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்க. நீ ஏறும்போதே கவனிச்சேன், ரெண்டு காலையும் ஒரே பக்கமாத் தொங்கப்போட்டு, மடியில கைய வச்சுக்கிட்டு, மாதா சிலையக் கூட்டிட்டுப் போற மாதிரி இருந்துச்சு எனக்கு. நானும் அப்படித்தான் உக்காந்தேன், அவன் வீட்டுக்குப் போன அன்னிக்கு.

யாரா? எங்க வீட்டுக்காரன்தான். பேரு எதுக்கு இப்ப, பேரச் சொன்னா வாயி கசக்குது. வாடகைக்கு ஆள் ஏத்தற பைக் ஸ்டாண்டுக்குத் தலைவரு. எந்த ஸ்டாண்டுன்னா... ஊருக்கு ஒரு ஸ்டாண்டு இருக்கு, எல்லாத்துக்கும் ஒரு தலைவரு இருக்கான். ப்ளக்கு வருதா பாரு.

அடிப்பானான்னு கேப்பே. எல்லாரும் அதத்தான் முதல்ல கேப்பாங்க. அடிச்சதில்ல. ஒரு அறை கூட இல்ல. குடியா? கேப்பைக் கள்ளுல வெந்நி ஊத்தி, அஜோன் பானையச் சுத்தி நீளக் குழாயோட உக்காந்தா எல்லாரும் குடிக்கிறதுதான், அதுக்கு மேல இல்ல. சோத்துக்குக் குறை வச்சானா, இல்ல. துணிமணி எடுத்துத் தருவான். வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. ஆனா பாரு, நான் ரோட்டுல வந்து நின்னு கைய நீட்டினா ஒரு வண்டி நிக்காது.

புரியலையா? அத்தன வண்டிக்காரனும் அவனுக்குக் கீழ. தலைவரு பொண்டாட்டிய அவரு சொல்லாம ஏத்தினா ஸ்டாண்டுல இடம் போயிடும். அவன் வாயத் திறந்து ஏத்தாதேன்னு சொன்னதே இல்ல, அதுதான் சாமர்த்தியம். என்னக் கண்டதும் அவனவன் எதிர்ப்பக்கம் பாத்துக்கிட்டு விருட்டுன்னு போயிடுவான். சந்தைக்குப் போகணுமா, அவன்கிட்ட சொல்லணும். சர்ச்சுக்கா, சொல்லணும். எதுக்கு, யாரப் பாக்க, எப்ப வருவே, எல்லாம் கேட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே, இன்னைக்கு வேணாமேம்பான். நடந்து போனா? போலாம். போயிச் சேர்றதுக்குள்ள அவனுக்குச் சேதி போயிருக்கும். எந்த வளைவுல நின்னேன், யாருகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சேன்னு சாயங்காலம் அவனே எனக்குச் சொல்லுவான். கோவமாக்கூட இல்ல. பாசமா. அவ்வளவு தூரம் நடந்தியே, கால் வலிக்கலையான்னு கேட்டுட்டு, வெந்நி வச்சுக் கொடுப்பான். எனக்கு அந்த வெந்நியில காலை வைக்கும்போது மூச்சு அடைக்கும் தங்கச்சி. ரோடு பூரா அவன் கண்ணு. இத்தன பெரிய வெளியில, ஒரு வேலி இல்ல, ஒரு சுவரு இல்ல, நான் டப்பிக்குள்ள கிடந்தேன்.

வந்துடுச்சா? காட்டு. நுனியத் தொட்டுப் பாரு. ஈரமா இருக்கா? காஞ்சு கிடக்கா? காஞ்சுதான் இருக்கு, ம். அத ஞாபகம் வச்சுக்க, அப்புறம் கேப்பேன். இப்ப நெருப்பு இருக்கான்னு பாப்போம். ப்ளக்க அந்தத் தொப்பியிலேயே திரும்ப மாட்டு. இந்த இஞ்சின் இரும்பு மேல சாய்ச்சு வை. ரப்பரப் பிடி, இரும்பப் பிடிச்சா சுரீர்னு இழுக்கும். ஓட்டைப் பக்கமும் கொண்டு போகாத, குப்புன்னு பத்திக்கும். நான் கிக்கர உதைக்கிறேன். பாத்தியா? நீலமாப் பளிச்சுன்னு வந்துச்சா? அப்போ அடுப்புல நெருப்பு இருக்கு.

அத முதமுதல்ல பாத்தப்போ நான் அழுதுட்டேன். சிரிக்காத. குதிருக்கு அடியில இருந்து இழுத்து, கோழிப்பீய வழிச்சு, பாயிண்டத் தீப்பெட்டி மருந்துப் பக்கத்தால தேய் தேய்னு தேய்ச்சு, எத்தனையோ நாளு உதைச்சும் ஒண்ணுமே வரல. தம்பி அடுத்தது இதப் பண்ணு, அதப் பண்ணுன்னு பாயிலருந்தே கத்துவான். அவன் ஓட்டத் தெரிஞ்சவன், பிரிக்கத் தெரியாதவன். அவன் சொன்னதுல பாதி தப்பு. ஒருநாள் இருட்டற நேரம், சும்மா வெறுத்துப் போயி உதைக்கிறேன், பளிச்சுங்குது. அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

எதுக்கு இந்தப் பாடுன்னு கேக்கறியா? சொல்றேன்.

எங்கம்மாவுக்குக் காச்சல்னு சேதி வந்துச்சு. அவன் வெளியூர் போயிருந்தான். ரோட்டுல வந்து நின்னேன். வண்டி போகுது, வண்டி போகுது. ஒருத்தன், என் கையால கேப்பைக் களி தின்னவன், காச்சல் வந்தப்போ நான் கஞ்சி கொண்டு போயிக் கொடுத்தவன், அவனும் மரத்தப் பாத்துக்கிட்டே போறான். நடந்தேன். சதுப்புல இறங்கி ஏறி, விடிஞ்சு போயிச் சேந்தேன். அம்மா எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சுட்டிருக்கா. என் காலப் பாத்தா. பாத்துட்டு, நாளைக்கே திரும்பிப் போயிடுடீ, இல்லன்னா மாட்டத் திருப்பிக் கேப்பாங்கன்னா. எனக்கு அந்த இடத்துலதான் விட்டுப்போச்சு. போக மாட்டேன்னுட்டேன்.

அப்புறம் என்ன, கேட்டாங்க. ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் மாமரத்தடியில பானைய வச்சுக்கிட்டு உக்காந்தாங்க. அடிச்சானா? இல்ல. பட்டினி போட்டானா? இல்ல. பின்ன என்னம்மா உனக்குக் குறை? வண்டி நிக்க மாட்டேங்குதுன்னு நான் சொன்னா, அது ஒரு காரணமாம்மான்னு சிரிக்கிறாங்க. நல்ல புருசன்கிட்டருந்து போறவ, வாங்கினத வச்சுட்டுப் போகணும்னுட்டாங்க. நியாயம்தான், எங்க ஊரு நியாயம். உங்க ஊருலயும் அதான?

அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. அவன் மாமன் ஒருத்தரு, பல்லே இல்லாதவரு, குழாய வாயிலருந்து எடுக்காமயே சொல்றாரு, மாடு மட்டும் போதாது, அந்த மாடு போட்டிருக்கக்கூடிய கன்னும் வேணும், கன்னு போட்ட கன்னும் வேணும்னு. எங்கப்பா எந்திரிச்சு, மாடு எங்க இருக்கு, அது வண்டியாயிடுச்சு, வண்டி எங்கய்யா கன்னு போட்டுச்சுங்கிறாரு. உடனே ஒருத்தன், அது காள வண்டியா பசு வண்டியா, மொதல்ல அடியில குனிஞ்சு பாருங்கய்யாங்கிறான். சாயங்காலம் வரைக்கும் இதே பேச்சு. நான் கொட்டாங்குச்சியில வெந்நி மோந்து பானையில ஊத்திக்கிட்டே நிக்கறேன். என் தலைவிதியப் பேசறாங்க, அதுக்கு வெந்நி ஊத்தறதும் நான்தான்.

 கடைசியில எங்க வீட்டுக்காரன் மெதுவா, மாடு வேணாம், கன்னும் வேணாம், அந்த வண்டியே போதும்னான். எல்லாருக்கும் ஆச்சரியம். வாசல்ல புது வண்டியா நிறுத்தி வாடகைக்கு விடறவன், அவனுக்கு இந்தத் தகர டப்பா எதுக்குன்னு எனக்கே அன்னிக்குப் புரியல. பல்லில்லாத மாமன்தான் அப்பச் சட்டம் சொன்னாரு. திருப்பிக் கொடுக்கற மாடு தன் கால்ல நடந்து பட்டிக்குள்ள வரணும், தூக்கிட்டும் வரக்கூடாது, இழுத்துட்டும் வரக்கூடாது, அது பொணம். அதே மாதிரி வண்டியும் தானா ஓடி வாசலுக்குள்ள வரணும்னு. தம்பிக்குக் காலு சரியில்ல, யாரு ஓட்டிட்டு வர்றதுன்னு கேக்கறாங்க. அவன் என்னப் பாத்துச் சிரிச்சான். அவளே ஓட்டிட்டு வரட்டுமே, அவளுக்குத்தான வண்டி நிக்கலங்கிற குறைன்னான். கூட்டமே சிரிச்சுச்சு. எங்கப்பாவும் சிரிச்சாரு, அதுதான் எனக்கு இன்னும் ஆறல. அறுவடை முடியறதுக்குள்ள வண்டி வரலன்னா நான் அவன் வீட்டுக்குத் திரும்பணும்னு முடிச்சாங்க.

கேட்டுட்டுத்தான இருக்கே? நல்லது. இப்ப யோசி. நெருப்பு இருக்கு, ப்ளக்கு காஞ்சு கிடக்கு. அப்படின்னா என்ன கோளாறு? ஆமா... ஆமா, சரியாச் சொன்னே. சோறு போகல. டேங்க்ல இருக்கறது இங்க வந்து சேரல. எங்க நிக்குதுன்னு மேலருந்து தேடிட்டு வரணும். மொதல்ல ப்ளக்க மாட்டு. கையாலயே திருப்பு, கடைசி சுத்துக்குத்தான் ஸ்பேனரு. முரட்டுத்தனமா முறுக்கினா மரை போயிடும். நான் ஒரு தடவ போக்கினேன்.

மெக்கானிக்கா? ஒமோடிங்னு ஒருத்தன் இருக்கான் எங்க கடைத்தெருவுல. அவன் பொழப்பே ஸ்டாண்டு வண்டியாலதான். என் வண்டியத் தொட மாட்டான், என்கூடப் பேசவும் மாட்டான். முதல் நாள் போயி நிக்கறேன், காதே கேக்காத மாதிரி டயருக்குப் பஞ்சர் ஒட்டிட்டு இருக்கான். நானும் போகாம நிக்கறேன். கொஞ்ச நேரம் கழிச்சு அந்த டயரப் பாத்துப் பேசறான். ஏ டயரே, சில பேரு ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு வெறும் பெட்ரோல ஊத்துறாங்க, ஆயில் கலக்கணும்னு அறிவில்ல, பிஸ்டன் புடிச்சுக்கத்தான செய்யும்ங்கிறான். நான் வீட்டுக்கு ஓடிட்டேன். அப்புறம் இதே வாடிக்கையாயிடுச்சு. நான் எதையாவது கழட்டி எடுத்துட்டுப் போயி அவன் கடைக்கு எதிர்ல உக்காந்துக்குவேன். அவன் டயருக்குப் பாடம் எடுப்பான். ஜெட்டுல அடைப்புன்னா ஊசியால குத்தாத டயரே, ஓட்டை பெருசாயிடும், வாயால ஊதுன்னுவான். எனக்கு என்னென்ன தெரியுமோ அத்தனையும் அந்த டயருக்கும் தெரியும்.

ஓட்டக் கத்துக்கிட்டதக் கேட்டா இன்னும் சிரிப்பே. நான் ஏரு ஓட்டினவ. எங்க வீட்டுல தம்பி சின்னவனா இருக்கும்போது காளையப் பிடிச்சது நான்தான். காள மிரண்டா என்ன பண்ணுவோம்? கயித்தப் பின்னால இழுப்போம், நில்லு நில்லுன்னு கத்துவோம். இதுவும் மிரண்டுச்சு. நான் ஹேண்டில்பார ரெண்டு கையாலயும் பின்னால இழுத்து, நில்லு நில்லுன்னு கத்தறேன். இழுக்க இழுக்க ஆக்ஸிலேட்டரு திருகிக்குது, அது இன்னும் பறக்குது. மரவள்ளிக் கொல்லையப் பொளந்துக்கிட்டுப் போயி, பக்கத்து வீட்டுல பானையச் சுத்தி உக்காந்திருந்தாங்க பாரு, அந்த வட்டத்துக்கு நடுவுல போயி நின்னேன். பானை உடைஞ்சு அத்தன பேரு வாயிலயும் குழாய் மட்டும் நிக்குது. ஒரு கெழவரு குழாய உறிஞ்சிக்கிட்டே, வந்துட்டியாம்மாங்கிறாரு!

இல்ல, சிரி, சிரி. நல்லாச் சிரிக்கிறே. நீ இப்படி வாய்விட்டுச் சிரிச்சு இப்பத்தான் பாக்கறேன்.

அப்புறம் ஒருநாள் வந்துச்சு. வந்துச்சுன்னா எப்படிச் சொல்றது... கிளட்ச்ச மெதுவா விட்டேன், அது என்ன ஏத்துக்கிச்சு. எங்க வீட்டு வாசல்லருந்து ரோடு, ரோட்டுலருந்து சதுப்புப் பாலம், பாலத்துலருந்து மேடு. யாருகிட்டயும் கைய நீட்டல. எதிர்ல ஸ்டாண்டு வண்டிங்க வருது, என்னப் பாத்து மூஞ்சியத் திருப்பறானுங்க. திருப்பிக்கோங்கடா, எனக்கென்ன. சந்தைக்குப் போயி ஒண்ணுமே வாங்காமத் திரும்பி வந்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோசம் அதுக்கு முன்னால வந்ததில்ல தங்கச்சி, கல்யாணத்தன்னிக்குக்கூட. வீட்டுக்கு வந்து ஸ்டாண்டு போட்டு நிறுத்தினதும்தான் உறைச்சுது. ஓட வச்சாச்சு. ஓடுதுன்னா கொடுக்கணும். இதுல போனாத்தான் எனக்கு விடுதலை, இதக் கொடுத்தாத்தான் எனக்கு விடுதலை. கிணறு வெட்டப் போயி பூதம் கிளம்பின கதை.

தேடிட்டியா? இந்த ரப்பர் டியூப்ப உருவிப் பாரு. சொட்டுதா? சொட்டல. அப்போ அதுக்கும் மேல. டேங்க்குக்கு அடியில கைய விடு. சின்னதா ஒரு திருகு தட்டுப்படுதா? அதுதான் பெட்ரோல் குழா. எந்தப் பக்கம் பாத்து நிக்குது? குறுக்கயா?

மூடியிருக்குங்கிறே. ஆமா, மூடித்தான் இருக்கு. கண்டுபிடிச்சுட்டியே! எனக்கு இதுக்கு ஒரு மாசம் ஆகியிருக்கும்.

யாரு மூடினதா? நான்தான். அந்த வளைவுல வரும்போது குனிஞ்சு மூடினேன். மூடினாலும் கொஞ்ச தூரம் ஓடும், உள்ள இருக்கற சொச்சத்துல. இந்தப் புளியமரத்துக்குச் சரியா வந்து நிக்கும்னு கணக்குப் போட்டேன், நின்னுடுச்சு.

எந்திரிக்காத. உன்ன ஒண்ணும் செய்ய மாட்டேன். உன் பேரு இகிரிங்தான? தெரியும். சந்தையில விசாரிச்சுட்டுத்தான் தையக்காரி கடை வாசல்ல நின்னேன். உனக்கும் பாதி விளங்கியிருக்கும். ஆமா. எங்க வீட்டுக்காரன் பேரு எக்வாருதான். உன்னக் கட்டிக்கப் போற அதே எக்வாரு. என்னப் பத்தி என்ன சொல்லியிருக்கான், ஓடிப்போனவள்னா? ஓடல. நடந்துதான் போனேன். அந்த மஞ்சத் துணி அவன் எடுத்துக் கொடுத்ததா? நல்லாத்தான் எடுப்பான்.

ஒமோடிங் டயருகிட்ட சொல்லித்தான் எனக்கே தெரியும். உங்கப்பா மாடு வேணாம்னுட்டாராமே? மாடு செத்துப்போகும், வண்டியாக் கொடுன்னு கேட்டாராமே? எல்லா அப்பனும் ஒண்ணாத்தான் யோசிக்கிறாங்க. அவனுக்குப் புது வண்டியத் தர மனசில்ல. அதான் அன்னிக்குக் கன்னும் வேணாம், மாடும் வேணாம்னான். நான் இப்ப இத அவன் வாசல்ல ஓட்டிட்டுப் போயி நிறுத்தணும், பானையோட காத்துக்கிட்டிருக்காங்க. நாளன்னிக்கு இது உங்க வீட்டு வாசலுக்கு வரும். உனக்குப் பரிசம்.

நான் வெளிய வரணும்னா நீ உள்ள போகணும். அதான் தங்கச்சி கணக்கு. கொடுக்காம இருந்துடேன்னு உன் கண்ணு கேக்குது. யோசிக்காம இருப்பேனா? கொடுக்கலன்னா நான் அந்த ரோட்டோரத்துல போயி மறுபடி கைய நீட்டிட்டு நிக்கணும். என்னால முடியாது. நான் அவ்வளவு நல்லவ இல்ல. நீ வேணாம்னு சொல்லிப் பாரு, உங்கப்பா கேட்டாலும் கேப்பாரு. எங்கப்பா கேக்கல. போறதுன்னா போ, அவன் அடிக்க மாட்டான், அது உண்மை. எனக்கு மூச்சு அடைச்ச மாதிரி உனக்கு அடைக்காமக்கூட இருக்கலாம்.

ஆனா அடைச்சுதுன்னா, திரும்பி வரணும்னு உனக்குத் தோணுச்சுன்னா, இதே வண்டியத்தான் கேப்பாங்க. தன் கால்ல நடந்து வரணும்பாங்க. அன்னிக்கு உங்க வீட்டு ஆம்பள எவனும் ஓட்டித் தர மாட்டான், எந்த மெக்கானிக்கும் தொட மாட்டான். அது உங்கப்பா வீட்டுல துருப்பிடிச்சுக் கிடந்துச்சுன்னா நீ அங்கயே கிடக்க வேண்டியதுதான். அதுக்குத்தான் இம்புட்டு நேரம் வாய் வலிக்கப் பேசினது. நெருப்பு எங்க பாக்கறது, சோறு எங்க நிக்கும், இப்பத் தெரியும் உனக்கு. இன்னும் ஓட்டத் தெரியாது. அதுக்குத்தான் உங்க ஊரு வரைக்கும் ரோடு இருக்கு.

அழாத, அழுதா பள்ளம் தெரியாது. மூட்டைய என்கிட்ட கொடு, நான் மடியில வச்சுக்கிறேன். குழாயத் திறந்துட்டியா? சரி, ஏறு. பின்னால இல்ல, முன்னால. ரெண்டு பக்கமும் காலப் போடு. நான் பின்னாலருந்து உன்னப் பிடிச்சுக்கிறேன். உங்க வீட்டு முக்குல இறங்கிக்க, அங்கருந்து நான் ஓட்டிட்டுப் போறேன். வரும்போது இதே வழியில நடந்துதான் வருவேன். என்னப் பாத்தா கூப்பிட வேணாம், தெரிஞ்ச மாதிரியும் காட்டிக்க வேணாம். இனி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் காதக் கொடுத்துக் கேப்பேன், உங்க வீட்டுல இது ஸ்டார்ட்டாகுதான்னு. ம், கிளட்ச்சப் பிடி.